கண்ணுக்கு முத்திரை வேண்டாமா?

கடையில் இருக்கும் தராசுக்கு முத்திரை வேண்டும் என்பதை வணிகப் பெருமக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரானாலும் மலேசியாவானாலும், வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு சோதிக்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்பது சட்டம். முத்திரையில்லாத தராசில் நிறுத்து விற்றவரிடம், "தெரிந்து செய்தீரா, தெரியாமல் செய்தீரா?" என்று அதிகாரி நெடுநேரம் விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. ஒரு கிலோ என்று காசு கொடுத்து வாங்கிப் போன பருப்பு வீட்டில் எழுபது கிராம் குறைந்தால், வாங்கியவருக்கும் அந்த வேறுபாட்டில் அக்கறையில்லை. குறைந்தது குறைந்ததுதான்.

அதே கடையில் முத்திரையே இல்லாத கருவி ஒன்று காலை முதல் இரவு வரை வேலை செய்கிறது. அது முதலாளியின் கண்.

நோட்டு மாற்றும் கடையில் நல்ல நோட்டையும் கள்ள நோட்டையும் பிரிப்பது கண். இயந்திரம் வந்துவிட்டது உண்மைதான். ஆயினும் இயந்திரம் வேண்டாமென்று தள்ளிய நோட்டைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பவர் முதலாளியே. ஜவுளிக்கடையில் சாயத்தின் நிறம், இழையின் நெருக்கம், விளிம்பின் பிசிறு யாவும் கண்கணக்கு. மளிகைக் கடையில் அரிசியில் வண்டு, மல்லியில் பூஞ்சணம், டின்னின் அடியில் பொடி எழுத்தில் அச்சிட்ட காலாவதித் தேதி. சாப்பாட்டுக் கடையில் எண்ணெயின் நிறமும் இறைச்சியின் நிறமும். நகைக்கடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இவ்வளவையும் நம்பி ஒப்படைத்திருக்கும் இந்தக் கருவியை, சென்ற ஓராண்டில் ஒரு தடவையாவது சோதனைக்குக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

கண்புரையை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்குள் இருக்கும் வில்லை மெல்ல மெல்லக் கலங்குவதே கண்புரை. வயது ஏற ஏற யாருக்கும் வரக்கூடியது. கலங்கும்போது அந்த வில்லை பெரும்பாலும் பழைய கண்ணாடிபோல் மஞ்சளேறுகிறது, நீலத்தை விழுங்கிவிடுகிறது. கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும். தூய வெள்ளையும் தந்த வெள்ளையும் ஒன்றாகத் தெரியும். நாற்பது ஆண்டு துணி விற்ற ஒருவருக்கு இது நேர்ந்தால், நிறத்தைச் சொல்ல அவர் தயங்குவதில்லை. முன்னிருந்த அதே உறுதியுடன், "கறுப்புதான் அம்மா, தைரியமாக எடுத்துப் போங்கள்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கறுப்பாகத்தான் தெரிகிறது. கல்யாண வீட்டில் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பவர்களுக்கு நீலமாகத் தெரிகிறது. இந்த விற்பனையில் குற்றம் உண்டா, இல்லையா?

எண்ணம் தூய்மையாக இருந்தது, ஆகவே குற்றமில்லை என்று உடனே விடை கூறிவிடலாம். பலர் அப்படித்தான் கூறுவர். ஆனால் தெரியாமை என்பது ஒரே சரக்கன்று. எவ்வளவு முயன்றாலும் அறிந்திருக்க முடியாதது ஒரு வகை. அதற்கு யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் அறிந்திருக்கக் கூடியது மற்றொரு வகை. முன்னாளில் இந்நாடுகளில் கூலி வேலை செய்தவர்கள் தங்கள் சேமிப்பை நம் கடைகளில் அமானிதமாகக் கொடுத்து வைப்பது வழக்கம். ஊருக்குக் கப்பலேறும் நாளில் வந்து கேட்பார்கள். அப்படி ஒருவர் வந்து கேட்கும்போது, "பெட்டியைப் பத்து ஆண்டாக நான் திறந்தே பார்க்கவில்லை தம்பி, உள்ளே கறையான் அரித்தது எனக்குத் தெரியாது" என்று முதலாளி சொல்லியிருந்தால் அதை நாணயமான விடை என்று யாரேனும் ஒப்பியிருப்பார்களா? அவர் ஒரு காசும் திருடவில்லை. இருந்தும் அவர் சொன்ன 'தெரியாது' என்ற சொல் அவரைக் காப்பாற்றாது. திறந்து பார்ப்பது அவர் பொறுப்பு.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம் என்னும் பேரறிஞர் 'கிதாபுல் மனாளிர்' என்ற நூலை எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று அவருக்கு முன்னிருந்த அறிஞர் பலர் நம்பினர். பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணுக்குள் புகுவதாலேயே காண்கிறோம் என்பதை அவர் சோதனைகளோடு விளக்கினார். இது பலரும் அறிந்த செய்தி. அந்நூலின் மற்றொரு பகுதியே நமக்கு இங்கே வேண்டியது. பார்வை எப்பொழுது பிழைபடும் என்பதை அவர் தனியே ஆராய்ந்தார். அளவான தூரம், போதிய வெளிச்சம், பார்க்கப் போதிய நேரம் முதலான நிபந்தனைகளை வரிசைப்படுத்தி, அவற்றோடு கண்ணின் நலத்தையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்தார். இவற்றில் ஒன்று அளவு தவறினாலும் மனிதன் உள்ளதை உள்ளபடி காணமாட்டான். நாம் கடைக்கு நல்ல விளக்குப் போடுகிறோம். வாடிக்கைக்காரர் கைக்கெட்டும் தூரத்தில் சரக்கை வைக்கிறோம். அவருக்கு நிதானமாகப் பார்க்க நேரமும் கொடுக்கிறோம். அவர் கண்ணுக்கு இவ்வளவு உபசாரம் செய்யும் நாம், நம் கண்ணின் நலத்தை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை.

கண் தன் நட்டத்தைத் தானே மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. மற்ற உறுப்புகளுக்கும் அதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான். பல் கெட்டால் வலிக்கிறது. முழங்கால் தேய்ந்தால் படியேற முடிவதில்லை. கண் அப்படியன்று. ஐயமிருப்பவர்கள் ஒரு தாளில் எட்டு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு புள்ளிகள் இடட்டும். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் இடப்பக்கத்துப் புள்ளியையே பார்த்தபடி தாளைக் கிட்டே கொண்டு வரட்டும். ஏறக்குறைய முப்பது சென்டிமீட்டர் தூரத்தில் வலப்பக்கத்துப் புள்ளி மறைந்துபோகும். பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் எல்லோருடைய கண்ணிலும் பார்வையற்ற ஒரு பொட்டு உண்டு. ஆனால் அங்கே ஓட்டை தெரிகிறதா? தாளின் வெள்ளைதான் தெரிகிறது. இல்லாத இடத்தை மூளை பக்கத்திலிருப்பதைக் கொண்டு ஒட்டுப்போட்டு நிரப்பிவிடுகிறது. பிறந்த நாள் முதல் இந்த ஒட்டோடுதான் வாழ்கிறோம்.

கிளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் இந்த வசதியைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அதன் ஒரு வகை திடீரென்று கடும் வலியோடும் சிவப்போடும் வாந்தியோடும் தாக்கும். அப்போது அந்நேரமே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். மற்றொரு வகை வலியின்றி, சிவப்பின்றி, பார்வை நரம்பை இழை இழையாகத் தின்கிறது. முதலில் போவது பெரும்பாலும் ஓரப்பார்வை. ஒரு கண்ணில் விழுந்த ஓட்டையை மறு கண் நிரப்புகிறது. மூளை மீதியை நிரப்புகிறது. பேரேட்டின் எழுத்து முன்போலவே தெளிவாகத் தெரியும். படியில் இடறும்போதும், பக்கவாட்டில் வந்த மோட்டார்சைக்கிளைக் காணாதபோதும்தான் சந்தேகம் வரும். அதற்குள் போனது போனதுதான். இந்நோயில் இழந்த பார்வையை மீட்க இன்றுவரை வழியில்லை. நேரத்தோடு கண்டால் சொட்டு மருந்தாலும், லேசராலும், அறுவையாலும் எஞ்சியதைக் காக்கலாம். "எனக்கு நன்றாகத் தெரிகிறது, நான் ஏன் போக வேண்டும்?" என்ற கேள்விக்கு ஈண்டு விடை கிடைக்கிறது. நன்றாகத் தெரிவதாகத் தெரிவது சான்றாகாது.

அடுத்தது நம்மவரிடையே மிகுந்திருக்கும் இனிப்புநீர். சிங்கப்பூரில் சீனரைவிட மலாய்க்காரரிடத்தும் இந்தியரிடத்தும் இது மிகுதி என்பதை அரசாங்கச் சுகாதார ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன. 2007 முதல் 2009 வரை அங்கே நாற்பது வயதைத் தாண்டிய இந்தியர் 3,400 பேரின் கண்களைச் சோதித்த ஆய்வு ஒன்றில், நீரிழிவு உள்ளவர்களில் ஏறக்குறைய பத்தில் மூவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. இரத்தத்தில் ஏறிய சர்க்கரை விழித்திரையின் நுண்குழாய்களைப் பழுதாக்குகிறது. அவை கசிகின்றன, அடைபடுகின்றன. தொடக்கத்தில் பார்வையில் ஒரு குறையும் தெரியாது. ஆதலால்தான் நீரிழிவுள்ளவர் ஆண்டுதோறும் விழித்திரையைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். சிங்கப்பூரில் பலதுறை மருந்தகங்களில் எடுக்கும் அப்படங்களைப் பயிற்சி பெற்றவர்கள் ஓரிடத்திலிருந்து பார்த்துச் சொல்லும் திட்டம் 2010ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. படமெடுக்கும் வேலை சில நிமிடம்.

இந்நோய்க்கும் நம் தொழில்முறைக்கும் உள்ள உறவை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. கடையில் உட்கார்ந்தே பொழுது போகிறது. வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு தேநீர். உபசரிக்கும் முதலாளி தாமும் கூடவே ஒன்று குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரியாதையில்லை! கெட்டிப்பால் ஊற்றி இழுத்த தேநீர் நாளைக்கு ஆறு, ஏழு. பகல் சோறு மூன்று மணிக்கு, இரவுச் சாப்பாடு கடையடைத்த பிறகு பதினொரு மணிக்கு, உடனே படுக்கை. விருந்தோம்பல் நம் குலதனம் என்பதில் ஐயமில்லை. அதற்குச் சர்க்கரைதான் ஈடாக வேண்டும் என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. வந்தவருக்கு வேண்டியது அவருக்கு, எனக்கு 'கோசோங்' என்று சொல்லும் முதலாளியை யாரும் கஞ்சன் என்று எண்ணமாட்டார்கள்.

நிற்க. சோதனையைத் தள்ளிப்போட நாம் கூறும் காரணங்களில் மிகப் பழமையானது, "ஊருக்குப் போகும்போது காட்டிக்கொள்ளலாம்" என்பது. ஊர்ப்பக்கத்தில் நல்ல கண் வைத்தியம் கிடைக்கிறது என்பது மெய்யே. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்கள் அரசாங்கப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகமறிந்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன அந்த மனிதர் அதே விரல்களால் ஆயிரக்கணக்கானோருக்குப் புரை நீக்கினார். ஆனால் ஊருக்குப் போகிறவர் எதற்குப் போகிறார்? பத்து நாள் விடுப்பில் இரண்டு கல்யாணம், ஒரு நிலத் தகராறு, உறவினர் வீடு பன்னிரண்டு. மதுரைக்குப் போகும் நாள் வரும்போது திரும்பும் விமானச் சீட்டின் நாளும் வந்துவிடுகிறது. அடுத்த பயணம் இரண்டு ஆண்டு கழித்து. நோய்க்கு இந்தப் பஞ்சாங்கம் தெரியாது.

மற்றொரு விடையை இதைவிடக் கவனமாக எடைபோட வேண்டும். "என் கண், என் பாடு, போனால் எனக்குத்தானே போகிறது?" கேட்பதற்கு ஆண்மையாக இருக்கிறது. கணக்கைப் பார்ப்போம். முதலாளிக்குப் பொடி எழுத்துத் தெரியாவிட்டால் காலாவதியான பால்மாவைக் கைக்குழந்தைக்கு வாங்கிப் போகிறவர் வேறொருவர். பற்றுச் சிட்டையில் மூன்றும் எட்டும் மயங்கினால் கூடுதலாகக் கொடுக்கிறவர் வேறொருவர். சரக்கு வண்டியை அந்திக் கருக்கலில் அவர் ஓட்டிப் போனால் சாலையைக் கடப்பவர் வேறொருவர். பார்வை முழுதும் போய்விட்டால் மணப்பெண்ணின் நகையில் கை வைக்கிறோம். படிப்பை நிறுத்திவிட்டுக் கல்லாவில் உட்காருகிற மகனும், இரவில் எழுந்து கைப்பிடித்து நடத்தும் மனைவியும் அந்தப் 'பாட்டில்' பங்குபெறுகிறார்கள். அவர்களைக் கேட்காமலே அவர்களைக் கூட்டாளிகளாகச் சேர்த்துவிட்டோம். நட்டத்தில் பங்கு கொடுத்துவிட்டுக் கணக்கைக் காட்ட மறுக்கும் கூட்டாளியைப் பற்றி வியாபாரிகளாகிய நாம் என்ன நினைப்போம்?

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும்; இல்லாவிட்டால் பார்வையற்ற சகோதரர்களுக்கு அநீதி இழைத்தவர்களாவோம். பார்வை குறைவதோ இல்லாமற்போவதோ குற்றமன்று, இழிவுமன்று. எவ்வளவு கவனமாக இருந்தவருக்கும் அது நேரலாம். தம் கண்ணில் குறை உண்டென்று அறிந்து, "நிறத்தை நீங்களே வெளியில் கொண்டுபோய்ப் பாருங்கள், எனக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை" என்று சொல்லும் ஜவுளிக்கடைக்காரரைவிட நாணயமானவர் யார்? மூக்குக் கண்ணாடி போட்டால் வயதாகிவிட்டதென்று எண்ணுவார்களே என்று வெட்கப்பட்டு, கையை நீட்டி நீட்டி ரசீதைப் படிப்பவர்தாம் யோசிக்க வேண்டியவர். நாற்பது வயதை ஒட்டி வெள்ளெழுத்து எல்லோருக்கும் வருகிறது. கை நீளம் போதாமற்போகும் நாள் வந்தே தீரும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, பார்வைக் குறையுள்ளோர் உலகில் குறைந்தது 220 கோடி என்றும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடைய குறை தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் கூறுகிறது. கவனிக்கப்படாதவற்றில் பெரும்பகுதி ஒரு கண்ணாடியாலோ புரை அறுவையாலோ தீரக்கூடியது. வசதியற்ற நாடுகளில் வைத்தியமின்மை காரணம். இங்கே நமக்கு என்ன காரணம்?

அன்றாடப் பழக்கங்களில் சிலவற்றைப் பற்றி வியாபாரி என்ற முறையிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. சுருமாவை விற்கிறவர்களும் நாமே, இடுகிறவர்களும் நாமே. பல நாடுகளில் சோதித்த சுருமாக்களில் ஈயம் மிகுதியாக இருந்தது தெரியவந்திருக்கிறது. கலீனா என்னும் ஈயக்கல்லை அரைத்து அஞ்சனக்கல் என்ற பெயரில் விற்பதே காரணம். குழந்தை கண்ணைத் தேய்த்த கையை வாயில் வைக்கிறது. ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும். டப்பாவில் எழுதியிருப்பது போதாது. உள்ளே இருப்பது என்னவென்று சோதனைச் சான்று காட்டாதவரிடம் அந்தச் சரக்கைக் கொள்முதல் செய்யாமலிருப்பதே நேர்மை. கண் சிவந்தால் யாரோ மீதம் வைத்த சொட்டு மருந்தை வாங்கி ஊற்றிக்கொள்ளும் வழக்கமும் கெட்டது. அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது; முதலில் சிவப்பு மாயமாக மறையும், மாதக்கணக்கில் ஊற்றினால் கண் அழுத்தமும் புரையும் வரும். சிகரெட்டு புரையை விரைவாக்குகிறது, விழித்திரையின் நடுப்பகுதியையும் கெடுக்கிறது. நெஞ்சைப் பற்றிச் சொன்னால் கேளாதவர் கண்ணைப் பற்றிச் சொன்னாலாவது கேட்கட்டும். உச்சி வெயிலில் சரக்கு இறக்குபவருக்கு ஒரு தொப்பி. கீரையும் மீனும் காயும் நம் சமையலில் ஏற்கனவே உண்டு; விலையுயர்ந்த மாத்திரைகளைத் தேட வேண்டியதில்லை.

கைப்பேசியையும் கணக்குத் திரையையும் நெடுநேரம் பார்த்தால் இமை கொட்டுவது குறைந்து கண் வறளும், எரியும். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கடைவாசலுக்கு அப்பால் இருபது வினாடி பார்த்தால் போதும். வாடிக்கைக்காரர் வருகிறாரா என்று பார்த்ததாகவும் ஆகும். நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கூடுதல் விலை கேட்டால் யோசித்துக் கொடுங்கள். பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளிவந்த மதிப்பீடு, கண் அயர்ச்சியை அது குறைப்பதாகக் காணவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நம் பொறுப்பு இன்னும் பெரிது, ஏனெனில் அவர்கள் தம் பழக்கத்தைத் தாமே தேர்ந்துகொள்ளவில்லை. கடையின் பின்னறையில், அரிசி மூட்டைகளுக்கிடையே, சத்தம் போடாமலிருக்கக் கைப்பேசியைக் கொடுத்து உட்கார வைத்தவர்கள் நாம். சிறுவர்களிடம் கிட்டப்பார்வை பெருகுவதைக் கண்டு சிங்கப்பூர் 2001இல் தேசியத் தடுப்புத் திட்டமே தொடங்கியது. தைவான் 2010 முதல் மாணவர்களை நாள்தோறும் இரண்டு மணி நேரம் வெளியே அனுப்பத் தலைப்பட்டது. வெளி வெளிச்சத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை தொடங்குவது குறைகிறது என்பது ஆய்வுகளில் தெளிவானது. கடைக்குள் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம். "அத்தா, விளையாடப் போகட்டுமா?" என்று கேட்கிற பிள்ளையை, மிகுதியாகக் கிட்டப்பார்வை ஏறினால் பிற்காலத்தில் விழித்திரை கழலும் ஆபத்தும் ஏறுகிறது என்பதை எண்ணி, போகவிடுங்கள்.

இனிச் சோதனைக்குப் போகும் வகை. நீரிழிவு உள்ளவர் ஆண்டுக்கொரு முறை. இல்லாதவர் நாற்பதைக் கடந்தால் ஓரிரு ஆண்டுக்கொரு முறை. தாய் தந்தை உடன்பிறந்தாரில் எவருக்கேனும் கிளாக்கோமா இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுவது வேறு; விழித்திரையையும் பார்வை நரம்பையும் கண் அழுத்தத்தையும் பார்ப்பது வேறு; பின்னதைக் கேட்டுப் பெறுங்கள். கண்மணியை விரியச் செய்யும் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் கிட்டத்துப் பொருள் மங்கும், வெயில் கூசும். அன்று வண்டி ஓட்ட வேண்டாம். நோட்டு எண்ணும் வேலையும் வேண்டாம். கடையில் கூட்டம் குறைந்த நாளாகப் பார்த்து, மகனிடமோ நம்பிக்கையான உதவியாளரிடமோ கல்லாவை ஒப்படைத்துவிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சரக்கு இருப்புக் கணக்கெடுக்கும் வாரத்திலேயே இதையும் வைத்துக்கொண்டால் ஆண்டுதோறும் தேதி மறக்காது.